கழிவு அசைவுகள்

வரலாற்றுப் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு உண்டு என்று அறிவித்ததும் பத்தாம் வகுப்பு ‘இ’ பிரிவு மாணவிகளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“ராஜாவாட்டம் சண்டை போட்டுக் காட்டோணுமுங்களா டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“ராஜா இல்ல, ஓவர்லாக் டெய்லர்” என்றாள் கோகிலவாணி டீச்சர். கையிலிருந்த பெட்டியைத் திறந்து, முழங்கை வரை நீளும் சாம்பல் நிறக் கையுறைகள் இரண்டை மேசைமேல் எடுத்து வைத்தாள். உள்ளே மெல்லிய கம்பிகள் ஓடின. விரல் நுனிகள் மட்டும் வெட்டி விடப்பட்டிருந்தன.

“பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி இதே திருப்பூர்ல பனியன் தைக்க மனுசக் கை வேணும். பனியன் துணி இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். ரோபோவுக்கு அது புடிபடவே இல்ல. அதனால ஒரு பெரிய பனியன் கம்பெனியில, நல்லாத் தைக்கிற நாப்பது பொம்பளைங்க கையில இந்த மாதிரி உறையை மாட்டிவிட்டாங்க. அவங்க கை போறதையெல்லாம் ஒரு வருசம் பதிவு பண்ணாங்க. ரோபோ அதப் பாத்துக் கத்துக்கிச்சு.”

“கத்துக்கிட்டப்பறம்?”

“அப்பறம் அவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

கோகிலவாணி பலகையில் ‘ஏழாம் பாடம்: உழைத்த பெண்கள்’ என்று எழுதினாள். அந்தப் பதிவுகள் இப்போது ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்று சொன்னாள். இந்தப் பெண்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொருத்தரும் இருபது நிமிடம் அவர்களுடைய கையாக இருந்து பார்க்க வேண்டும். அதுதான் செய்முறை.

ஒவ்வொருத்தியாக வந்து உறையை மாட்டிக்கொண்டார்கள். உறை அவர்கள் விரல்களை மடக்கியது, நீட்டியது, எதிரே இல்லாத துணியை எடுத்து இல்லாத ஊசிக்கு அடியில் தள்ளியது.

“ஐயோ டீச்சர், என்ற கை என்னையக் கேக்காமயே போகுதுங்.”

“இதை எங்கம்மாகிட்டக் காட்டிராதீங்க. பாத்தரம் வெளக்கறதுக்கும் ஒண்ணு வாங்கிப் போட்டுரும்.”

பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. சிரிப்பு நின்றது. பாடம் வேலை செய்கிறது என்று கோகிலவாணிக்குத் திருப்தி.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் போய்விட, சுபிக்ஷா மட்டும் நின்றாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா இல்லை என்பதற்கு மேல் அவளைப் பற்றி டீச்சருக்குத் தெரியாது. அவள் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். படம் வெளுத்துப்போயிருந்தது. கீழே எழுத்து தெளிவாக இருந்தது. மைனாவதி. ஓவர்லாக். 318.

“எங்கம்மாளுதுங். எனக்கு ஒன்றரை வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. இந்த நம்பரு இருக்குதுங்களா டீச்சர்? எங்கம்மா கையப் போட்டுப் பாக்கோணும்.”

கோகிலவாணி அட்டையைப் பார்த்தாள். அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். முகத்தில் எதையும் காட்டாமல் திரையில் தேடினாள். இருந்தது.

சுபிக்ஷா உறையை மாட்டிக்கொண்டு கண்களை மூடினாள். கைகள் கிளம்பின. துண்டை எடு, விளிம்பைச் சேர், தள்ளு, திருப்பு, போடு. ஒரு பீஸுக்குப் பதினான்கு வினாடி. அடுத்ததற்கும் பதினான்கு வினாடி. ஒரு பிசகு கிடையாது. இருபது நிமிடமும் அவள் அசையாமல் நின்றாள். கைகள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் உறையைக் கழற்றாமலே சொன்னாள். “இது எங்கம்மா இல்லீங் டீச்சர்.”

“நம்பர் சரியாத்தானே இருக்கு?”

“எங்கம்மாளுக்குக் காது கேக்காது, வாய் பேச வராதுங். கையிலதான் பேசும். எங்கப்பா சொல்லும், அவளுக்குக் கை நின்னா மூச்சு நின்னாப்பலன்னு. தைச்சுக்கிட்டே பேசுமாம். பேசிக்கிட்டே தைக்குமாம். இதுல ஒரு வார்த்தை கூட இல்லீங்களே.”

கோகிலவாணி திரையில் எண்ணை இன்னொரு முறை பார்த்தாள்.

“வீட்ல கல்யாண வீடியோ ஒண்ணு இருக்குதுங்” என்றாள் சுபிக்ஷா. “அதுல ரெண்டு கையிலயும் மாலையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. முழு வீடியோவும் மாலையக் கீழ வைக்கவே இல்ல, ஒரு வார்த்தை பேசல. அதனாலதான் இதுல பேசியிருக்கும்னு நெனச்சனுங்.”

“பேசியிருப்பாங்க கண்ணு. ரோபோவுக்குத் தேவையில்லாததையெல்லாம் வெட்டி எடுத்துட்டாங்க.”

“யாருங் வெட்டுனது?”

“கம்பெனிக்காரங்க” என்றாள் கோகிலவாணி.

அது பொய். பி.எட். சேர்வதற்கு முன்பு, இருபத்தோரு வயதில், அவள் கோயம்புத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் வேலை பார்த்தாள். திரையில் இரண்டு கைகள் தெரியும். தோல் கிடையாது, வளையல் கிடையாது, முகம் கிடையாது. பச்சைக் கோடுகளால் ஆன எலும்புக் கைகள். அவை தைக்கும். தையலுக்குச் சம்பந்தமில்லாத அசைவு வந்தால் அதன் தொடக்கத்தில் ஒரு விசையைத் தட்ட வேண்டும், முடிவில் ஒரு விசை. நடுவில் உள்ளது சிவப்பாக மாறிக் கழன்று போகும். அதற்குப் பெயர் கழிவு அசைவு. தலையைச் சொறிவது கழிவு. வியர்வையைத் துடைப்பது கழிவு. மூக்குத்தியைத் தொட்டுப் பார்ப்பது கழிவு.

நாற்பது பேரில் 318தான் மோசம். ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் இடையில் அந்தக் கைகள் காற்றில் என்னென்னவோ செய்தன. பக்கத்து நாற்காலி பெனாசிர் அதற்கு ‘கொசு அடிக்கிற அக்கா’ என்று பெயர் வைத்தாள். “இன்னைக்கு உன் அக்கா எத்தனை கொசு அடிச்சாங்க?” என்று கேட்பாள். இருவரும் சிரிப்பார்கள். 318-ஐ வேகமாகச் சுத்தம் செய்ததற்காக ஒருமுறை கோகிலவாணியை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார்கள்.

அந்தக் கைகள் ஏன் அப்படி அசைகின்றன என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். உண்மையில் கேட்கத் தோன்றவே இல்லை.

அன்று மாலை பெனாசிருக்குப் போன் செய்தாள். பெனாசிர் இப்போது ஆவணக் காப்பகத்தில்தான் இருந்தாள்.

“நாம வெட்டினதெல்லாம் அழிஞ்சுபோச்சா பெனா?”

“ஏன் அழியணும்? ரோபோவுக்கு எதைச் செய்யணும்னு சொன்னா மட்டும் பத்தாது கோகி. எதைச் செய்யக்கூடாதுன்னும் சொல்லித் தரணும். நாம வெட்டினது பூரா அதுக்குத்தான் போச்சு. இப்படிப் பண்ணாதேன்னு பாடம்.” பிறகு, “எந்த நம்பர்?” என்றாள்.

கோகிலவாணி சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது என்பதையும், அவை கொசு அடித்த கைகள் அல்ல என்பதையும் சொன்னாள்.

“அப்ப இந்த ஊர்ல ஓடுற ஒவ்வொரு தையல் ரோபோவுக்கும் அவங்க பேசினது மனப்பாடம்” என்றாள் பெனாசிர் மெல்ல. “மனப்பாடமா இருக்கறதாலதான் எதுவும் அதைச் செய்யாது.”

“எனக்கு அது வேணும்.”

“பள்ளிக்கூடம்னு எழுதிக் கொடு, ஒரு வாரத்துக்குத் தர்றேன். ஆனா துண்டு துண்டாத்தான் இருக்கும். ஆறாயிரத்துச் சொச்சம். தேதி இல்ல, எதுக்கப்பறம் எதுன்னு இல்ல. அப்புறம் கோகி, அதைப் படிக்க யார் இருக்கா?”

இருந்தாள். சுபிக்ஷாவின் அப்பாவுக்கு ரங்கநாயகியைத் தெரியும். மைனாவதிக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவள், இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வரச் சம்மதித்தாள். தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று கோகிலவாணி கேட்டபோது சுபிக்ஷா தலையசைத்து மறுத்தாள்.

“எல்லாரும் இருக்கட்டுமுங் டீச்சர். நம்ம ஏழாம் பாடந்தானுங்க.”

சனிக்கிழமை காலை முப்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். ரங்கநாயகி நீர்ப்புண் கண்ட விரல்களைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு முன்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். சுபிக்ஷா உறையை மாட்டிக்கொண்டு எதிரே நின்றாள். கோகிலவாணி முதல் துண்டைத் தட்டினாள்.

சுபிக்ஷாவின் வலக்கை சட்டென்று எழுந்து, இரண்டு விரல்களை உதட்டுக்கு மேல் முறுக்கி, தோள் பக்கம் சாய்ந்து விழுந்தது. மூன்று வினாடி.

ரங்கநாயகி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மைனா” என்றாள். “ஏஞ்சாமி, இது மைனாவேதான்.”

“என்னங் சொல்லுது?” என்றாள் சுபிக்ஷா.

“சூப்பரைசர் வர்றான், குனிஞ்சுக்கன்னு சொல்றா. மீசை வெச்சவன். மீசைய முறுக்குனா அவந்தான்.”

வகுப்பு சிரித்தது. அடுத்த துண்டு வந்தது. டீ கழுநீராட்டம் இருக்குது. அடுத்தது. நூலு அந்துபோச்சு, உன்றதுல ஒண்ணு குடு. அடுத்தது. அவ புதுச் சேலை கட்டியிருக்கறாளே, கேட்டியா எந்தக் கடைன்னு? ரங்கநாயகி கூச்சத்தை மறந்தாள். மறைத்திருந்த விரல்கள் வெளியே வந்து தாமாகவே பதில் சொல்லத் தொடங்கின.

“உங்களுக்கு எப்படிங்க இது தெரியும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “உங்களுக்குத்தான் காது கேக்குமே?”

“நாப்பது மிஷின் ஒண்ணா ஓடுனா யாருக்குடி கேக்கும்? அங்க எல்லாருமே செவிடுதான். அவதான் எங்களுக்குப் பேசக் கத்துக் குடுத்தா. நாப்பது பேரும் கையிலதான் பேசுனோம். புருசன் அடிச்சது, மாமியா வைஞ்சது, நாள் தள்ளிப்போனது அத்தனையும் அங்கதான்.”

கோகிலவாணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் 318 மட்டுமில்லை. நாற்பது பேர் ஒரு வருடம் பேசியதையும் அந்த ஆறாவது மாடியில் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கு அந்தப் பெண்களைப் பற்றி எழுத ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் எதுவும் கிடைக்காமல் போனது ஏன் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

எல்லாமும் புரியவில்லை. பல துண்டுகளுக்கு ரங்கநாயகி உதட்டைப் பிதுக்கினாள். “இதுக்கு மூஞ்சி வேணும் சாமி. பாதிப் பேச்சு அவ மூஞ்சிலதான் இருக்கும். கை ஒண்ணு சொல்லும், புருவம் இல்லைங்கும். வெறுங் கைய வெச்சு நான் என்னத்தச் சொல்லட்டும்?”

ஒரு மணி நேரம் போனது. சுபிக்ஷாவின் தோள்கள் தளர்ந்தன. அவள் கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் கேட்டாள்.

“என்னையப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?”

ரங்கநாயகி விரல்களை மறுபடி சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

“நீ அப்பக் கைக்கொழந்த. உன்னைய எங்கம்மாகிட்ட உட்டுப்போட்டுத்தான் ரெண்டு பேரும் வேலைக்கு வருவோம். மிஷின்ல உக்காந்தா அவ உன்ற பேச்சே எடுக்கமாட்டா.”

“ஏனுங்?”

“உன்னைய நெனச்சா அவளுக்குப் பால் சொரந்துக்கும். ரவிக்கை நனைஞ்சிரும். பீஸ்ல பட்டுக் கறையாச்சுன்னா அவ்வளவுதான், மீசைக்காரன் நாறடிச்சுருவான். நாங்க யாராச்சும் மறந்தாப்பல புள்ள எப்படி இருக்குதுன்னு கேட்டாக்கூடக் கைய ஓங்குவா, அடிக்கற மாதிரி. கேக்காதேன்னு. சாயங்காலம் கம்பெனி கேட்டத் தாண்டுனப்பறந்தான் உன்ற பேச்சு. அப்பறம் வீடு சேர்ற வரைக்கும் வேற பேச்சே இல்ல.” கேட்டுக்கு வெளியே கையுறை கிடையாது என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுபிக்ஷா தலையை ஆட்டினாள். “அப்ப இந்த ஆறாயிரத்துலயும் நான் இல்லீங்.”

எதையாவது செய்ய வேண்டும் என்று கோகிலவாணி அடுத்த துண்டைத் தட்டினாள். வலக்கையின் ஆள்காட்டி விரல் நேர் எதிரே, யாரும் இல்லாத இடத்தைச் சுட்டியது. பிறகு ஐந்து விரல்களும் குவிந்து வாய்க்கு அருகே போயின. பிறகு உள்ளங்கை மலர்ந்து நின்றது. அடுத்த துண்டும் அதுவே. அதற்கடுத்ததும்.

ரங்கநாயகி சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் நின்றபடியே சிரித்தாள்.

“இதையுமா வெச்சிருக்கறாங்க. இது எனக்குச் சொன்னதில்ல கண்ணு. கையில உறை மாட்டுன அன்னைக்கு மேனேஜர் மெரட்டுனான். கோயமுத்தூர்ல ஒரு புள்ள உக்காந்து உங்க கையவே பாத்துக்கிட்டு இருக்குது, சும்மா இருந்தீங்கன்னா தெரிஞ்சிரும்னான். நாங்க பயந்துட்டோம். இவ பயப்படல. நாளெல்லாம் நம்ம கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதே, பாவம், எந்த ஊட்டுப் புள்ளையோன்னா. அன்னையிலிருந்து டீ பெல் அடிச்சாலும் சோத்து பெல் அடிச்சாலும் அந்தப் புள்ளையத்தான் மொதல்ல கேப்பா. நீ சாப்ட்டியா?”

கோகிலவாணியின் விரல் திரைமேல் நின்றுவிட்டது.

“நாங்க கேலி பண்ணுவோம். உன்ற கோயமுத்தூர்ப் புள்ள ஒருநாளாச்சும் பதில் சொல்லியிருக்குதாடின்னு. அதுக்கும் என்னையாட்டமே காது கேக்காதாட்ட இருக்குதும்பா.”

இதுபோல் எத்தனை இருக்கின்றன என்று சுபிக்ஷா கேட்டாள். ஒரே மாதிரி அசைவுகளைக் கணினி நிரல் எண்ணிச் சொன்னது. அறுநூற்றுப் பதினொன்று.

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள் சுபிக்ஷா. கோபம் இல்லாமல், கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோலச் சொன்னாள். “அந்தப் புள்ளைக்கு அறநூத்திப் பதினொண்ணு. அந்தப் புள்ள இதப் பாத்துச்சுங்களா டீச்சர்?”

“பாத்துச்சு.”

“பாத்துப்போட்டு?”

“கழிவுன்னு குறிச்சு வெட்டிருச்சு.”

“உங்களுக்கு எப்படிங் தெரியும்?”

முப்பத்திரண்டு முகங்களும் தன்னைப் பார்ப்பது கோகிலவாணிக்குத் தெரிந்தது. கம்பெனிக்காரங்க என்று இன்னொரு முறை சொல்லலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“நான்தான் சுபிக்ஷா அது.”

வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து போனார்கள். ரங்கநாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. ஒரு வருடம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஆளைக் கடைசியில் நேரில் பார்ப்பவளின் பார்வை அது. இதுவரை டீச்சரம்மா, வாங்க, போங்க என்று பேசியவள், “நீதானா அது” என்றாள்.

கோகிலவாணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெரியாது, எனக்கு இருபத்தோரு வயசு, அந்தக் கைகளுக்கு முகம் இல்லை. எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள்.

சுபிக்ஷா பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து உறைகளைக் கழற்றினாள். அழுத்திய தடங்கள் முன்கையில் சிவந்திருந்தன. மேசைக்கு வந்து உறைகளை டீச்சர் முன்னால் வைத்தாள்.

“போட்டுக்கங் டீச்சர். உங்களத்தான் கேட்டிருக்குது.”

கோகிலவாணி போட்டுக்கொண்டாள். உள்ளே சிறுமியின் வியர்வை இன்னும் சூடாக இருந்தது. முன்வரிசை மாணவி ஒருத்தி எட்டித் திரையைத் தட்டினாள்.

அவள் கை அவளைக் கேட்காமல் எழுந்தது. ஆள்காட்டி விரல் நேர் எதிரே நீண்டது. எதிரே, மேசைக்கு அந்தப்பக்கம், சுபிக்ஷா நின்றிருந்தாள். விரல் அவள் நெஞ்சைச் சுட்டியது. பிறகு விரல்கள் குவிந்து டீச்சரின் வாய்க்கு அருகே போய்த் திரும்பி, உள்ளங்கை சுபிக்ஷாவை நோக்கி மலர்ந்தது.

இவ்வளவு நேரமும் அந்தப் பெண் தன் அம்மாவாக நின்றிருந்தாள். அம்மாவுக்கு எதிரே ஒருமுறையும் நிற்கவில்லை.

கை மறுபடி எழுந்தது. நீ. சாப்ட்டியா?

சுபிக்ஷா டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளை மட்டும் பார்த்தாள். பார்த்தபடியே பக்கத்தில் வந்து நின்ற ரங்கநாயகியிடம் கேட்டாள்.

“இல்லைன்னு எப்படிங் சொல்றது? காத்தால நான் சாப்டாம வந்துட்டனுங்.”

ரங்கநாயகி செய்து காட்டினாள். சுபிக்ஷா தட்டுத்தடுமாறி, ஒரு விரலை மாற்றி வைத்து, பிறகு திருத்தி, அதைச் செய்தாள். பதிவு பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அவள் கை கீழே இறங்குவதற்குள் எதிரே இருந்த கை மறுபடியும் எழுந்து கேட்டது. அவள் மறுபடியும் சொன்னாள், இந்த முறை சரியாக.